திறந்து வைத்த வீடு

தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் வாய் கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கவே எனக்குக் குரல் எழும்பாது. சரியான சில்லறையை நீட்டுவேன், ஊர்ப் பெயரை மட்டும் சொல்வேன், சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆனால் பேட்டை தாண்டும்போது நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்துவிட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. நீங்கள்தான் சத்தமாகப் பேசினீர்கள். அப்பா வீட்டை விற்க வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் ஹவுஸ் வைத்துவிடலாம் என்று சொன்னீர்கள் இல்லையா?

வைக்காதீர்கள்.

அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். சொல்லிவிட்டேன். இனி நீங்கள் உங்கள் போனைப் பார்க்கலாம்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும். தென்காசி போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது.

என் பெயர் ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் வீடு. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஒரு நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். என்ன வேலை என்றால், சுற்றி முடித்து வருகிற நூல் கோன்களைக் கையில் எடுத்துப் பார்த்து, பழுது இருந்தால் ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும். வாய் பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. எனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. நல்ல கோனைப் பற்றி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அது தானே பெட்டிக்குள் போய்விடும். பழுதுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். என் கையைத் தாண்டிப் போன பழுது என்று ஒன்றைக்கூட அந்த மில்லில் யாரும் காட்ட முடியாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வீடு காட்டுவதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அப்படி இருந்தும் எங்கள் வீட்டுக்கு வைத்த ஓப்பன் ஹவுஸ் உருப்படவில்லை. அப்படியானால் கோளாறு எதில்? ஓப்பன் ஹவுஸில்தானே?

போன ஐப்பசி மழையில் என் சம்சாரம் கோமு பின்கட்டுப் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் தகடு வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் தெருவுக்கு இறங்கப் படி, கொல்லைக்கு இறங்கப் படி, கழிப்பறைக்குப் போகப் படி. வீட்டுக்குள்ளேயே ஒரு கழிப்பறை கட்டிக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். கட்டினோம். அதுதான் வீட்டில் உள்ள குறைகளில் மூன்றாவது. தண்ணீர் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது.

தென்காசியில் அவள் தங்கச்சி வீட்டுக்கு அடுத்தாற்போல் தரைத்தளத்தில் ஒரு வீடு இருக்கிறது. வாசலில் ஒரு படி கூடக் கிடையாது. கதவைத் திறந்தால் வீடு. அதன் சொந்தக்காரர் நல்ல மனுஷர். ஆவணி முடிகிற வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்று சொல்லியிருக்கிறார். ஆவணி முடிய இன்னும் எத்தனை நாள்? நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வீடு கைமாறினால்தான் அந்த வீடு. கைமாறாவிட்டால் இந்த மழைக்கும் கோமு அதே படியில்தான் இறங்க வேண்டும்.

அவளுக்கு மட்டும் இந்த வீட்டை விட மனசா என்ன? ஒரு நாள் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “எனக்கு இங்கனயே இருக்க ஆசைதான். என் இடுப்புக்கு ஆசை இல்லியே.”

புரோக்கர்கள் நாலு பேரைக் கூட்டி வந்தார்கள். ஒன்றும் அமையவில்லை. அப்போதுதான் கனடாவில் இருக்கிற எங்கள் மாப்பிள்ளை சபாபதி, போனில் முகத்தைக் காட்டி இந்த யோசனையைச் சொன்னார்.

“மாமா, இங்கல்லாம் ஓப்பன் ஹவுஸ்தான். ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டத் திறந்து போட்டுருவாங்க. வேணும்ங்கிறவங்க வந்து அவங்க பாட்டுக்குச் சுத்திப் பாத்துட்டுப் போவாங்க. ஒரே நாள்ல முடிஞ்சிரும்.”

அதற்கு மூன்று விதி இருக்கிறதாம். முதல் விதி, வீட்டுக்காரர் வீட்டில் இருக்கக் கூடாது. நான் சிரித்துவிட்டேன். ஊரையே வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, வீட்டுக்காரன் கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்திருப்பதா? வந்தவர்களை வாங்க என்று சொல்ல ஆள் வேண்டாமா? எனக்கு வாங்க என்று சொல்லக் கூச்சம்தான். ஆனாலும் கதவோரமாக நிற்கவாவது நிற்க வேண்டும் இல்லையா? அந்த விதியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது விதி, சொந்தப் படங்களைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். வருகிறவர்கள் இது தங்கள் வீடு என்று நினைத்துப் பார்க்க வேண்டுமாம். கழற்றினோம். என் அப்பா படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாக ஒரு கட்டம் தெரிந்தது. அப்பா போன பிறகுகூட அந்த இடம் இவ்வளவு காலியாகத் தெரிந்ததில்லை.

மூன்றாவது விதி, வாசனைக்காக ஏதாவது சுட்டு வைக்க வேண்டும். தின்னக் கொடுப்பதற்கு இல்லை, வாசனைக்கு மட்டும். இதைக் கேட்டதும் கோமு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நல்லா இருக்கு மாப்ள நீங்க சொல்லுதது. வாசத்தக் காட்டிட்டு வெறும் வாயோட அனுப்பினா, அவங்க வயித்தெரிச்சல் நம்மள சும்மா விடுமா?”

ஆக, கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் என்று முடிவாயிற்று.

அப்போது ஆடி மாசம். மாப்பிள்ளைக்கு அதுவும் மறந்துவிட்டது. அடுத்த வாரமே வைத்துவிடலாம் என்றார். “ஆடியில வீடு பாக்க எவன் வருவான்? வந்தாலும் பொழுது போகாதவன்தான் வருவான்” என்று கோமு ஒரே போடாகப் போட்டாள். ஆவணி பிறந்து முதல் ஞாயிறு என்று வைத்தோம். பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்துக் கொடுத்தோம். வாசல் கேட்டில் நானே என் கையால் ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டேன். ‘வீடு விற்பனைக்கு. இன்று பார்வையிடலாம்.’ எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை.

முதலில் வந்தது யார் தெரியுமா? எதிர்வீட்டு சண்முகவடிவு. அவளுக்கு எதற்கு வீடு? எதிரிலேயே மாடி வைத்த வீடு நிற்கிறது. தனியாகவும் வரவில்லை. நாத்தனார், நாத்தனார் வீட்டுக்கு வந்த விருந்தாளி, விருந்தாளியின் பிள்ளைகள். இத்தனை வருஷம் எதிரே இருந்தும் எங்கள் வீட்டு அடுப்படியை அவள் பார்த்ததில்லை. அந்தக் குறையை அன்றைக்குத் தீர்த்துக்கொண்டாள்.

“ஏளா கோமு, இம்புட்டுத்தானா உங்க அடுப்படி? நீ ஆக்கி அனுப்புத கொழம்பப் பாத்து நான் ஒரு கல்யாண மண்டபம்னுல்லா நெனச்சிருந்தேன்!”

அப்புறம் மூன்று தெருவும் வந்தது. முப்பத்தெட்டுப் பேர் தம்பி. அந்தக் கணக்கில் நான் தவற மாட்டேன். அதில் உண்மையாகவே வீடு தேடி வந்தவர்கள் நாலே பேர். மற்றவர்கள் எல்லாரும் கதவு திறந்திருக்கிறது என்று வந்தவர்கள்.

தட்டில் கேசரியும் பஜ்ஜியும் வந்ததும் எல்லாருக்கும் முகம் மாறிவிட்டது. நம் ஊரில் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆண்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சண்முகவடிவுக்கு வாய் சும்மா இருக்குமா?

“சொஜ்ஜி பஜ்ஜி வந்துட்டு. வீடு எப்ப வந்து கும்பிடும்?”

“அதுக்குப் பாடத் தெரியுமா, கேட்டுச் சொல்லு” என்றாள் நாத்தனார்.

“மழை பெஞ்சா பாடும்” என்றேன் நான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மாடி அறையில் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்தால் சத்தம் வரும், அதைச் சொன்னேன். ஆனால் கூடம் முழுக்கச் சிரித்தது. வீடு பார்க்க வந்த நாலு பேரில் ஒருவர் தட்டை வைத்துவிட்டு மெல்ல எழுந்து போய்விட்டார். அவருக்குச் சிரிப்புச் சத்தம் பிடிக்கவில்லை போல.

இன்னொருவர் தண்ணீர் எப்படி என்று கேட்டார். நல்ல தண்ணீர்தான், ஆனால் சித்திரையில் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், காற்று இழுத்தால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் காயில் எரிந்து போய்விடும் என்று விளக்கமாகச் சொன்னேன். இதுவரைக்கும் எத்தனை தடவை காயில் கட்டினோம் என்பதையும் சொன்னேன். இவ்வளவு விவரமாக எந்த வீட்டுக்காரன் சொல்வான்? அவரும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்.

மீதி இரண்டு பேர், ஒரு பேங்க் அதிகாரியும் அவர் சம்சாரமும். அருமையான ஜோடி. அந்த அம்மாவுக்கு வீடு பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. கோமு அடுப்படியிலிருந்து கண்ணைக் காட்டினாள். சும்மா கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க என்று அர்த்தம். நான் எனக்குத் தெரிந்த முறையில் காட்டினேன்.

“இந்தச் சுவத்தக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க” என்றேன்.

“நல்லாத்தான சார் இருக்கு” என்றார் அவர்.

“இப்ப நல்லா இருக்கும். ஐப்பசியில வந்து தொட்டுப் பாருங்க.”

மாடிப்படிக்குக் கூட்டிப் போனேன். அதில் மூன்றாவது படி மற்றதைவிட ஒரு விரல் உயரம் கூடுதல். கொத்தனார் அன்றைக்கு அவசரத்தில் இருந்தான். அந்த அம்மா ஏறினார்கள்.

“தடுக்குச்சாம்மா?”

“இல்லியே.”

“கவனிக்கல நீங்க. எறங்கிட்டு இன்னொரு தடவ ஏறுங்க.”

ஏறினார்கள். அப்போதும் தடுக்கவில்லை. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது, நான் பொய் சொன்னது போல. “கையில ஏதாவது வச்சுக்கிட்டு ஏறினாத்தான் தெரியும்” என்று தண்ணீர்க் குடத்தை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது தடவை நன்றாகவே தடுக்கியது. நல்லவேளை, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா?” என்றேன். சொன்ன சொல் நிரூபணம் ஆனதில் எனக்கு ஒரு நிம்மதி.

கீழே வந்து கேசரி சாப்பிடும்போது அவர் கேட்டார்: “சார், என்ன வெல எதிர்பாக்குறீங்க?”

தம்பி, அங்கேதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டுக் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரிடம் எப்படி விலை பேசுவது? சாப்பாட்டுக்கு விலை சொல்கிற மாதிரி இருக்காதா? நான் உள்ளே போய்க் கோமுவைச் சொல்லச் சொன்னேன். அவள் கை முழுக்க பஜ்ஜி மாவு. “போயி நீங்களே சொல்லுங்களேன், இதுக்குக்கூடவா நான்?” என்று பல்லைக் கடித்தாள். திரும்பி வந்தேன். “சாப்பிடுங்க, சாப்பிட்டு முடிச்சுட்டுப் பேசிக்கலாம்” என்றேன். அவருக்கும் சாப்பிட்ட வாயால் பேரம் பேச ஒரு மாதிரியாக இருந்திருக்கும். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்களே, அதே வார்த்தையைச் சொன்னார்.

“வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்.”

வீட்டில் இருப்பதே அவரும் அந்த அம்மாவும்தான். இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். யாரோடு கலந்து பேசப் போகிறார்?

இதற்கிடையே பக்கத்துத் தெரு ஆதிமூலம் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து மூன்றாவது தட்டு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அவர் இவர்கள் கூடவே வெளியே போனார். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசியது எனக்குக் கேட்டது: “நம்ம வீடும் குடுக்குத யோசனையிலதான் இருக்கு. சும்மா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்.” சும்மா பார்த்தார்கள். அந்த வாரமே முன்பணம் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் பஜ்ஜி, எங்கள் நாற்காலி, எங்கள் நோட்டீஸ். விற்றது ஆதிமூலம் வீடு!

அவர் வீட்டில் என்ன குறையே இல்லையா? அவர் வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனபோதே நான் பார்த்துவிட்டேன். கதவு நிலை கோணல். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சாம்பார் என் இலையிலிருந்து பக்கத்து இலைக்கு ஓடியது, தரை அப்படி. ஆனால் ஆதிமூலம் அதையெல்லாம் சொல்லியிருப்பாரா? அந்த அதிகாரி வீட்டைத் தேடிப்பிடித்துப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கோமு கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்றைக்குத் தட்டு கழுவி முடிக்க இருட்டிவிட்டது. “நம்ம மக மதியப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக்கூட நான் இத்தனை தட்டு கழுவல” என்றாள். அதுதான் அவள் அன்றைக்குப் பேசிய கடைசிப் பேச்சு. மறுநாளும் என்னிடம் பேசவில்லை. இடுப்பு வலி அவளை அப்படிப் படுத்தியிருக்கிறது, பாவம். மகளிடம் மட்டும் போனில் வெகுநேரம் பேசினாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. நடுவில் சிரிப்புக்கூடக் கேட்டது. பேசி முடித்து வெளியே வந்தவள் முகம் தெளிந்திருந்தது. பெற்ற மகளோடு பேசினால் வலிகூடக் குறைகிறது பாருங்கள்.

இன்றைக்கு மறுபடியும் ஓப்பன் ஹவுஸ். ஆமாம் தம்பி, இன்றைக்குத்தான், இந்நேரம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கோமு கேட்கவில்லை. அதைவிட விசேஷம், என்னையும் இன்றைக்கென்று பார்த்து வெளியூர் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. தென்காசியில் கொழுந்தியாளுக்கு வாய்க் கசப்பாம், சாப்பாடு இறங்கவில்லையாம், நாரத்தங்காய் ஊறுகாய் இன்றைக்கே வேண்டுமாம். இதோ, காலடியில் இருக்கிற ஜாடி அதுதான். கொழுந்தியா வீட்டுக் கொல்லையிலேயே நாரத்தை மரம் நிற்கிறது. இருந்தாலும் கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறதே!

நான் கேட்டேன், “நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன?”

“நாளைக்கு வரைக்கும் வாய் கசந்துகிட்டே இருக்கணுமா அவளுக்கு? கெளம்புங்க. போன தடவை நின்னு நின்னு உங்க காலு வேற வீங்கிட்டு. புதன்கிழமை வரைக்கும் அங்கனயே இருந்து சாரல்ல நடந்துட்டு வாங்க. ஒடம்புக்கு நல்லது.”

எனக்காக எவ்வளவு யோசிக்கிறாள் பாருங்கள். வீடு விற்கிற பதற்றத்திலும் என் கால் வீக்கம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வைத்து அனுப்பிவிட்டாள். சன்னலோர இடம் கிடைக்கவில்லை என்று நான்தான் வரிசையாக நாலைந்து பஸ்ஸை விட்டேன்.

மனசு பூரா அங்கேதான் இருக்கிறது. நான் இல்லாமல் அந்தக் குறைகளை எல்லாம் யார் காட்டுவார்கள்? நேற்று சாயங்காலம் உட்கார்ந்து கோமுவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே உம் கொட்டினாள். மனசில் ஏற்றிக்கொண்டாளோ என்னவோ. நான் நேரில் நின்று அத்தனை பாடுபட்டே நடக்காதது, நான் இல்லாமல் நடந்துவிடுமா? அதனால்தான் சொல்கிறேன் தம்பி, உங்கள் அப்பா வீட்டுக்கு இந்த...

இருங்கள், போன் அடிக்கிறது. கோமுதான்.

“ஆங், சொல்லு கோமு. ஆலங்குளம் தாண்டிட்டோம்... ஜாடி பத்திரமாத்தான் இருக்கு... என்னது? யாரு? செல்வினா? எந்த செல்வின்?... கொத்தனாரக் கூட்டிட்டு வந்திருக்காரா? நல்ல ஆளாட்டம்லா இருக்கு!... வெல சொல்லிட்டியா? யாரு, நீயா சொன்ன?... சரின்னுட்டாரா!... அப்புறம் என்ன?... எங்கிட்டயா? எங்கிட்ட என்னத்துக்கு? எனக்கு என்ன பேசத் தெரியும்? ஏ கோமு, அவருகிட்ட குடுக்காத, ஏ...”

தம்பி, வீடு வாங்க வந்தவரிடம் கொடுத்துவிட்டாள். முன்பணம் கொடுக்கும் முன்னால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்கிறாராம்.

“வணக்கம், வணக்கம்... ஆமா, ஆவுடையப்பன்தான்... கேக்குது. நீங்க மெதுவாவே பேசுங்க, கேக்குது... அது வந்து தம்பி, நான் உங்ககிட்ட மொதல்லயே சொல்லிப்புடணும், அந்த மேக்குச் சுவரு ஐப்பசியில... சொல்லிட்டாளா?... சரி. மாடிப்படி? மூணாவது?... அதுவுமா... கழிப்பறத் தண்ணி?... மோட்டாரு?... மாடி ஒழுக்கு?... சிரிச்சுக்கிட்டே சொன்னாளா? எல்லாத்தையும்?... கொத்தனாரும் பாத்துட்டாரு. சரி செஞ்சிரலாம்னுட்டாரு... சரி.

“அப்ப... எல்லாம் அவளே சொல்லிட்டா. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல.

“... வேற என்ன சொல்ல... நல்லதா? நல்லதுன்னா...

“... இருங்க. ஒண்ணு சொல்லுதேன். அவகிட்டயே சொன்னதில்ல, சொன்னா சிரிப்பா. இப்ப எங்க நிக்கீங்க? அடுப்படிக்குப் போங்க. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சன்னல். அதுல கீழ்க்கதவச் சாத்துங்க, மேல்கதவத் தெறந்து வைங்க. இப்பப் பாருங்க... கேட்டுக்கு வெளிய யாரு நிக்கா?... ரோஸ் சேலையா? அது எதிர்வீட்டு சண்முகவடிவு. அங்கருந்து பாத்தா அவளுக்கு உங்களத் தெரியாது. நிச்சயமாத் தெரியாது. நானே வெளிய நின்னு பாத்திருக்கேன். யாராவது வந்து பெல் அடிச்சா மொதல்ல இங்க வந்து நின்னுக்கிடலாம். யாருன்னு பாத்துட்டு, என்ன பேசணும்னு மனசுல ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டு, அதுக்கப்புறம் போய்க் கதவத் தெறந்தாப் போதும்...

“... அப்படியா? உங்களுக்குமா?... யாராவது வந்தா நெஞ்சு அடிக்குமா? ஆமா. ஆமா. எனக்கும் அதே... அப்ப இந்த வீடு உங்களுக்குச் சரியா வரும்.

“அப்புறம் மத்தியானம் நடு அறையில வெறுந்தரையில படுத்துப் பாருங்க. ஃபேன் போடாதீங்க. வாசக்கதவையும் கொல்லக்கதவையும் தெறந்து வச்சுட்டுச் சும்மா படுங்க... அது போக, சாயங்காலம் கோயில் மணி மாடியிலதான் நல்லாக் கேக்கும், கீழ கேக்காது. ஏறி நின்னாத்தான்... அது போக...

“... ஆங். சரி. குடுங்க, அவகிட்டயே குடுங்க... கோமு? ... ம்... ம்... நான் ஒண்ணும் அழல. பஸ்ஸு சத்தம்... சரி. புதன்கிழமை வாரேன். நீ படியில பாத்து எறங்கு. வைக்கேன்.”

இந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறேன் தம்பி. சாரல் காற்று கண்ணில் அடிக்கிறது. ஆமாம், பாவூர்சத்திரம்தான். இங்கே எப்போதும் இப்படித்தான்.

முடிந்துவிட்டது. முன்பணம் வாங்கிவிட்டாள். தென்காசிக்காரருக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள். நான் இறங்கின கையோடு நேரே போய் அந்த வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வரப் போகிறேன். வாசலில் படி இல்லைதான், ஆனால் கழிப்பறையில் ஒன்று இருந்தாலும் இருக்கும், அதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் தம்பி, ஒன்று. ஓப்பன் ஹவுஸ் வைத்ததால்தான் விற்றது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். காலையிலிருந்து வீடு திறந்துதான் கிடந்தது. யார் யாரோ வந்திருப்பார்கள், பார்த்திருப்பார்கள், தின்றிருப்பார்கள். என்ன நடந்தது? நான் போனில் நாலு வார்த்தை பேசினேன், முடிந்தது. கோமுவும் பாவம், அவளால் முடிந்ததைச் செய்திருக்கிறாள். நான் மட்டும் இன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் விடியக் கருக்கலிலேயே முடித்துக் கொடுத்திருப்பேன்.